மண்டபத்தைப் புதுப்பிக்கும் முன் வீடுகளுக்குப் போங்கள்

கேள்வி: ஐயா, என் சொந்த ஊர் திருநெல்வேலி. நியூ ஜெர்சியில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்த யூதர். நான் மதம் மாறவில்லை. ஆனால் எங்கள் பிள்ளைகள் இருவரையும் யூதர்களாகவே வளர்க்கிறோம். ரிஃபார்ம் என்னும் சீர்திருத்தப் பிரிவைச் சேர்ந்த ஜெபாலயம் ஒன்றில் குடும்பமாக உறுப்பினர்களாக இருக்கிறோம். சென்ற ஆண்டு என்னை உறுப்பினர் நலக் குழுவில் சேர்த்துவிட்டார்கள். ஏட்டில் 180 குடும்பங்கள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை மாலைத் தொழுகைக்கு இருபது பேர் வந்தாலே அதிகம். அவர்களில் பெரும்பாலோர் எழுபது வயதைத் தாண்டியவர்கள். நானூறு இருக்கைகள் கொண்ட மண்டபத்தில் அவர்கள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளைக்குப் பதின்மூன்று வயதில் நடக்கும் பார் மிட்ஸ்வா சடங்கு முடிந்ததும் அடுத்த ஆண்டே குடும்பங்கள் விலகிவிடுகின்றன. சபையின் குருவான ரபி மிகவும் சோர்ந்து போயிருக்கிறார். நிர்வாகக் குழு 40,000 டாலர் செலவில் மண்டபத்தைப் புதுப்பிக்கவும், சமூக ஊடகங்களில் விளம்பரம் செய்யவும், மாதம் ஒரு விழா நடத்தவும் திட்டமிடுகிறது. தீபாவளியையும் யூதர்களின் விளக்குத் திருநாளான ஹனுக்காவையும் சேர்த்து ஒரு விழா நடத்தலாம் என்பது என் யோசனை. இது பயன் தருமா? யூதரல்லாத நான் இதிலெல்லாம் வாய் திறக்கலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தாராளமாகப் பேசலாம், பேசத்தான் வேண்டும். 1978-இல் ஹூஸ்டன் நகரில், அமெரிக்காவின் சீர்திருத்த யூத சபைகளுக்குத் தலைவராக இருந்த ரபி அலெக்சாண்டர் ஷிண்ட்லர் ஓர் அறைகூவல் விடுத்தார். கலப்பு மணம் செய்துகொண்ட குடும்பங்களை ஒதுக்காமல், அவர்களைத் தேடிப்போய் அழைத்து வர வேண்டும் என்றார். 1983-இல் அந்தப் பிரிவின் ரபிகள் இன்னும் ஒரு படி முன்னே போனார்கள். தாய், தந்தை இருவரில் ஒருவர் யூதராக இருந்து, பிள்ளை யூதக் கல்வியோடும் சடங்குகளோடும் வளர்ந்தால் அந்தப் பிள்ளையை யூதராகவே கொள்ளலாம் என்று தீர்மானம் போட்டார்கள். ஆர்தடாக்ஸ் பிரிவும் கன்சர்வேட்டிவ் பிரிவும் இதை ஏற்பதில்லை. அவர்களுக்குத் தாய்வழிதான் கணக்கு. உங்கள் பிள்ளைகள் அந்தச் சபையில் தடையின்றி வளர்வது ஷிண்ட்லர் தலைமுறை எடுத்த துணிச்சலான முடிவினால்தான்.

பியூ ஆய்வு மையம் 2020-இல் நடத்திய பெரிய ஆய்வின்படி, 2010-க்குப் பின் திருமணம் செய்துகொண்ட அமெரிக்க யூதர்களில் 61 சதவீதத்தினரின் வாழ்க்கைத் துணை யூதரல்லாதவர். ஆகவே அந்தக் கூடத்தில் உங்களை ஒரு விருந்தாளியாக நினைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சபையின் இளைய குடும்பங்களில் பாதிக்கு மேல் உங்களைப் போன்றவையாக இருக்க வாய்ப்பு உண்டு. எல்லை ஒன்றே ஒன்றுதான். எந்த ஜெபத்தை எப்படிச் சொல்வது, யூத வேதமான தோராவின் வாசிப்புக்கு யாரை மேடைக்கு அழைப்பது போன்ற சடங்கு விஷயங்களை ரபியிடமும் சடங்குக் குழுவிடமும் விட்டுவிடுங்கள். மற்றவற்றில், குறிப்பாகக் குடும்பங்களை வரவேற்பதில், உங்கள் சொல்லுக்கு முழு உரிமை உண்டு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சமயச் சபைகளின் நிர்வாகங்களோடு நெடுங்காலமாக வேலை செய்து வருபவன் நான். நிகழ்ச்சி போதாமல் எந்த ஜெபாலயமும் காலியாவதில்லை என்பது என் உறுதியான கருத்து. வந்தவரை யாருக்கும் தெரியவில்லை, வராதவரை யாரும் தேடவில்லை, அதனால்தான் காலியாகிறது. உங்கள் நிர்வாகக் குழு மண்டபத்துக்கு வைத்தியம் பார்க்கக் கிளம்பியிருக்கிறது. நோய் மண்டபத்தில் இல்லை.

அதே பியூ ஆய்வில் இன்னும் இரண்டு எண்களைப் பாருங்கள். மாதம் ஒரு முறையாவது ஜெபாலயத்துக்குப் போகும் வயதுவந்த யூதர்கள் ஏறத்தாழ 20 சதவீதம்தான். ஆனால் பாஸ்கா பண்டிகையின் சேடர் விருந்தில் கலந்துகொண்டவர்கள் 62 சதவீதம். சேடர் எங்கே நடக்கிறது? வீட்டில், சாப்பாட்டு மேஜையில், தாத்தா பாட்டி பேரப்பிள்ளைகளோடு. இந்த மக்கள் யூத வாழ்க்கையைக் கைவிட்டுவிடவில்லை. மண்டபத்துக்கு வருவதை மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள். ஜெபாலயத்துக்கு அரிதாகப் போகிறவர்களிடம் காரணம் கேட்டபோது, மூன்றில் இரண்டு பங்கினர் தங்களுக்குப் பக்தி ஈடுபாடு இல்லை என்றார்கள்; பாதிக்கு மேற்பட்டோர் தங்கள் யூதத்தன்மையை வேறு வழிகளில் வெளிப்படுத்துவதாகச் சொன்னார்கள். இப்படிப்பட்டவர்களின் கைப்பேசியில் போய் விழும் விளம்பரம் என்ன சாதித்துவிடும்? கூடம் திறந்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாத செய்தி அல்லவே.

கட்டடத்தைக் காட்டி ஆள் சேர்க்கும் எண்ணமும் புதிதல்ல. ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அமெரிக்க யூதர்கள் அதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். ஜெபாலயம் வெறும் தொழுகை இடமாக இல்லாமல் யூத வாழ்க்கை முழுவதற்கும் மையமாக இருக்க வேண்டும் என்றார் ரபி மொர்தெகாய் காப்லான். அது ஆழமான சிந்தனை. ஆனால் பல ஊர்களில் அந்தச் சிந்தனை நீச்சல் குளமாகவும் உடற்பயிற்சிக் கூடமாகவும் சுருங்கிப்போயிற்று. புரூக்ளினில் ஈஸ்டர்ன் பார்க்வே சாலையில் எழுந்த புரூக்ளின் யூத மையம் அந்தக் காலத்துக்கு ஒரு மாளிகை. தொழுகைக் கூடம், பள்ளி, நீச்சல் குளம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தன. நீந்த வந்தவர்கள் அப்படியே ஜெபிக்கவும் வந்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அன்றே ஏமாற்றம் காத்திருந்தது.

கூரை இடிந்து விழுந்தும் ஆள் பெருகிய கதை ஒன்று இருக்கிறது. உங்கள் நிர்வாகக் குழுவுக்கு அதைச் சொல்லுங்கள்.

மன்ஹாட்டனின் மேற்குப் பகுதியில் பினாய் ஜெஷுருன் என்ற ஜெபாலயம் இருக்கிறது. 1825-இல் தொடங்கிய பழம்பெரும் சபை. 1980-களின் நடுவில் அது ஏறக்குறைய மூடும் நிலைக்கு வந்துவிட்டது. அந்த நிலையில் 1985-இல் ரபி மார்ஷல் மேயர் அங்கே பொறுப்பேற்றார். அவர் அமெரிக்கரே என்றாலும் 1959-இலிருந்து கால் நூற்றாண்டு அர்ஜெண்டினாவின் புவனோஸ் ஐரிஸ் நகரில் பணியாற்றியவர். அங்கே ராணுவ ஆட்சி நடந்தபோது சிறைகளுக்குப் போய்க் கைதிகளைப் பார்த்தவர். காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்காகக் குரல் கொடுத்தவர். ஜனநாயகம் திரும்பியபின் காணாமல் போனவர்களைப் பற்றி விசாரித்த தேசிய ஆணையத்தில் உறுப்பினராகவும் இருந்தார். 1986-இல் அவருடைய மாணவர் ரபி ரொலாந்தோ மத்தலோன் வந்து சேர்ந்தார். வெள்ளிக்கிழமை மாலைத் தொழுகையில் வாத்தியங்கள் ஒலித்தன. கூட்டம் முழுவதும் பாடியது, எழுந்து ஆடியது. வீடற்றவர்களுக்கு இரவு தங்கும் இடம் நடத்தினார்கள். வருகிறவர்கள் எல்லோருக்கும் கையில் ஒரு வேலை இருந்தது. 1991-இல் கட்டடத்தின் கூரை இடிந்து விழுந்தது. அருகிலிருந்த மெத்தடிஸ்ட் திருச்சபை தன் தேவாலயத்தைத் தொழுகைக்குக் கொடுத்தது. யூதர்கள் கிறிஸ்தவ தேவாலயத்துக்குள் சபாத் என்னும் வார ஓய்வு நாளை வரவேற்றார்கள். கூட்டம் குறையவில்லை, பெருகியது. 1993-இல் மேயர் மறைந்த பிறகும் சபை தளரவில்லை. கூரையைச் சரிசெய்து முடித்த பிறகும், ஒரே கட்டடத்தில் எல்லோரையும் அடக்க முடியாமல் அந்த தேவாலயத்தையும் தொடர்ந்து பயன்படுத்தினார்கள்.

இதை அப்படியே உங்கள் ஊருக்குக் கொண்டுவர முடியாது. மன்ஹாட்டனில் நடந்து போகும் தொலைவில் ஆயிரக்கணக்கான யூதக் குடும்பங்கள் உண்டு. உங்கள் புறநகரில் எல்லோரும் காரில்தான் வர வேண்டும். மேயர் போன்ற ஒருவர் எல்லாச் சபைகளுக்கும் கிடைக்கவும் மாட்டார். நிர்வாகக் குழு பார்க்க வேண்டியது, அவர்கள் வேலையைத் தொடங்கிய வரிசையை. அவர்கள் கட்டடத்திலிருந்து தொடங்கவில்லை.

உங்கள் சபைக்கு நான் சொல்லும் முதல் வேலை மிக எளியது, ஆனால் உழைப்பு அதிகம். 180 குடும்பங்கள் என்கிறீர்கள். பன்னிரண்டு பேர் முன்வந்தால் ஆளுக்குப் பதினைந்து குடும்பங்கள். ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு மணி நேரம் நேரில் சந்தியுங்கள். அவர்கள் வீட்டில் சந்திக்கலாம், அவர்கள் தயங்கினால் ஒரு காபிக் கடையில் சந்திக்கலாம். “ஏன் வருவதில்லை?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அது குற்றம் சாட்டுவது போல ஒலிக்கும், அவர்களும் சாக்குச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அந்தக் குடும்பம் இங்கே எப்படி வந்து சேர்ந்தது, வீட்டில் இப்போது எது பாரமாக இருக்கிறது, எந்தப் பண்டிகை அவர்களுக்கு மிகவும் பிடிக்கும், அவர்கள் கையில் என்ன திறமை இருக்கிறது என்றெல்லாம் கேளுங்கள். நன்கொடை பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் குறித்து வையுங்கள். தாயாரை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டுத் தவிக்கும் மகள், வேலை இழந்ததை வெளியே சொல்லாத கணவர், புல்லாங்குழல் வாசிக்கத் தெரிந்த பதினைந்து வயதுப் பையன் என்று உங்கள் உறுப்பினர் ஏடு பேசத் தொடங்கும். இந்தச் சந்திப்புகள் முடிய ஓர் ஆண்டு ஆகலாம். ஆகட்டும். அதுவரை புதிய விழா எதுவும் வேண்டாம்.

இரண்டாவது வேலைக்கு உங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே ஒரு பொக்கிஷம் இருக்கிறது. அதை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. ஜெபாலயச் சுவரில் இறந்தவர்களின் பெயர்களைப் பொறித்த வெண்கலப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சிறு விளக்கு இருக்கும். ஒருவர் இறந்த நாள் ஆண்டுதோறும் திரும்பி வரும்போது அந்த விளக்கை ஏற்றுவார்கள். யார்ட்சைட் என்பது அந்த நாளின் பெயர். நம் வீடுகளில் திதி பார்ப்பதைப் போல, சந்திரனை ஒட்டிய எபிரேய நாட்காட்டிப்படி அந்த நாளைக் கணக்கிடுகிறார்கள். அதனால் ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். எந்தக் குடும்பத்துக்கு எந்த வாரம் யார்ட்சைட் வருகிறது என்ற பட்டியல் அலுவலகக் கணினியில் நிச்சயம் இருக்கும். பெரும்பாலான சபைகளில் அதை வைத்து ஓர் அச்சடித்த கடிதம் போகிறது. கடிதத்தின் அடியில் நன்கொடைக்கான உறையும் இருக்கிறது. எவ்வளவு பெரிய வாய்ப்பை இப்படி வீணாக்குகிறோம்!

கடிதத்தை நிறுத்திவிட்டுத் தொலைபேசியை எடுங்கள். ஒரு வாரம் முன்னதாக, அதே சபையைச் சேர்ந்த இன்னொருவர் அழைத்துப் பேசட்டும். “அடுத்த வெள்ளிக்கிழமை உங்கள் அப்பாவின் பெயரை வாசிக்கப் போகிறோம். அவரைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சொல்லுங்களேன்” என்று கேட்கட்டும். வர முடியுமா என்று கேட்கக்கூட வேண்டியதில்லை. பலர் தாமாகவே வருவார்கள். வந்தால், ரபி பெயரை வாசிக்கும் முன் அந்த அப்பாவைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொல்லட்டும்: நியூவர்க்கில் செருப்புக் கடை வைத்திருந்தார், பேரப்பிள்ளைகளுக்குச் சதுரங்கம் கற்றுக்கொடுத்தார் என்று ஏதாவது ஒன்று. அதுவரை வெறும் பெயராகக் கடந்துபோன ஒருவர் சபைக்குத் தெரிந்தவராகிவிடுவார். அவருடைய மகனும் தெரிந்தவராகிவிடுவான்.

இதோடு சேர்ந்தது கத்தீஷ். தாயோ தந்தையோ இறந்தால் பதினொரு மாதம் இந்த ஜெபத்தைச் சொல்வது மரபு. பெரும்பாலும் அரமேய மொழியில் அமைந்த இந்த ஜெபத்தில் சாவைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. முழுக்க இறைவனைப் போற்றுவதுதான். மரபுப்படி இதைத் தனியாகச் சொல்ல முடியாது. மின்யான் என்னும் பத்துப் பேர் கூட வேண்டும். சீர்திருத்தப் பிரிவில் பத்து என்ற கணக்கைக் கண்டிப்பாகப் பார்க்காத சபைகள் பல உண்டு. ஆனால் அந்த விதிக்குள் இருக்கும் அறிவை விட்டுவிடாதீர்கள்: துக்கப்படுகிறவருக்கு மற்ற ஒன்பது பேர் கடமைப்பட்டிருக்கிறார்கள். அந்த இருபது முதியவர்களிடம் போய், “நீங்கள் வருவதால்தான் இங்கே ஒருவர் தன் தாய்க்காகக் கத்தீஷ் சொல்ல முடிகிறது” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பழையவர்கள் என்று ஒதுக்கத் தகுந்தவர்கள் அல்லர் அவர்கள். சபையின் உயிரைப் பிடித்து வைத்திருப்பவர்கள். புத்துயிர் கொடுக்கிறோம் என்று கிளம்பும் குழுக்கள் முதலில் காயப்படுத்துவது இவர்களைத்தான். உங்கள் குழு அதைச் செய்ய விடாதீர்கள்.

இனி வாசலுக்கு வருவோம். 2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க் நகரில், ட்ரீ ஆஃப் லைஃப் ஜெபாலயத்துக்குள் புகுந்த ஒருவன் பதினொரு பேரைச் சுட்டுக் கொன்றான். அதன் பிறகு அமெரிக்காவில் பல ஜெபாலயங்களின் வாசலில் ஆயுதம் தாங்கிய காவலர் நிற்கிறார். நிற்கத்தான் வேண்டும், அதில் விவாதம் இல்லை. ஆனால் புதிதாக வருகிறவர் காணும் முதல் முகம் காவலருடையதாகவும், கேட்கும் முதல் கேள்வி “நீங்கள் யார்?” என்பதாகவும் இருந்தால், மாநிறமான உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் அது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காவலருக்குப் பக்கத்தில் ஒவ்வொரு வாரமும் சபை உறுப்பினர் ஒருவர் நிற்கட்டும். உறுப்பினர்களின் முகம் தெரிந்தவராக அவர் இருக்க வேண்டும். புதியவரைக் கூடவே உள்ளே அழைத்துப் போய், ஜெபப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பக்க எண்ணைக் காட்டட்டும். எபிரேயம் வாசிக்கத் தெரியாத யூதர்கள் ஏராளம். அது அவர்களுக்குப் பெரிய கூச்சம். வெளியே சொல்லாமல் விலகிவிடுவார்கள்.

தொழுகை முடிந்ததும் ஒனெக் என்ற பெயரில் இனிப்பும் ஹல்லா ரொட்டியும் வைப்பார்கள் அல்லவா, அங்கே ஒரு வெள்ளிக்கிழமை சும்மா நின்று கவனியுங்கள். நெடுநாள் உறுப்பினர்கள் வட்டம் வட்டமாக நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். புதிதாக வந்தவர் கையில் காகிதத் தட்டோடு பலகாரத்தைப் பார்ப்பது போலப் பாவனை செய்வார். பிறகு சுவரில் இருக்கும் அறிவிப்புகளைப் படிப்பார். பத்து நிமிடத்தில் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவரை மறுபடி நீங்கள் பார்க்க முடியாது. நிர்வாகக் குழு உறுப்பினர்கள் ஒனெக்கின் முதல் பத்து நிமிடம் தமக்குள் பேசக் கூடாது, தெரியாத முகங்களிடம் மட்டுமே பேச வேண்டும் என்று ஒரு விதி போடுங்கள். காசு செலவில்லாத விதி இது. இதைக் கடைப்பிடித்த சபைகளில் மாற்றத்தைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

மண்டபத்தைப் பற்றி ஒன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நகரங்களிலிருந்து புறநகருக்குக் குடிபெயர்ந்த யூதர்கள் கட்டிய பல ஜெபாலயங்களில், தொழுகைக் கூடத்துக்கும் விருந்துக் கூடத்துக்கும் நடுவே மடக்குச் சுவர் இருக்கும். யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா, பாவமன்னிப்புக்காக நோன்பிருக்கும் யோம் கிப்பூர் ஆகிய நாட்களில் கூட்டம் அலைமோதும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஆண்டில் இரண்டு மூன்று நாளுக்காகக் கட்டிய அகலத்தில் மற்ற வாரங்களில் இருபது பேர் உட்கார்ந்தால் யாருக்குத்தான் பாட மனம் வரும்? வெள்ளிக்கிழமைத் தொழுகையைச் சிறிய அறைக்கு மாற்றுங்கள். நூலகமாக இருந்தாலும் பரவாயில்லை. நாற்காலிகளை ஒருவரையொருவர் பார்க்கும்படி போடுங்கள். இருபது பேர் அடர்த்தியாக உட்கார்ந்து பாடினால் அது நிறைந்த சபை. புதுப்பிக்க வைத்திருக்கும் பணத்தில் பெரும்பகுதி இதனாலேயே மிச்சமாகும்.

பாட்டு விஷயத்தில் உங்கள் ரபிக்கு நிதானம் தேவை. பழைய தலைமுறை ஆர்கனும் பாடகர் குழுவும் கேட்டு வளர்ந்தது; 1970-களிலிருந்து டெபி ஃபிரீட்மன் போன்றவர்கள் கிதாரோடு எல்லோரும் சேர்ந்து பாடும் மெட்டுகளைக் கொண்டுவந்தார்கள். இரண்டுமே இன்று யாரோ ஒருவருக்கு உயிரான நினைவு. வாரம் ஒரு புது மெட்டு போடுவதுதான் தவறு. இரண்டு மெட்டுகளைத் தேர்ந்தெடுத்து ஆறு மாதம் மாற்றாமல் பாடுங்கள்; நன்றாகப் பாடக்கூடியவர்களை மேடையில் நிறுத்தாமல் கூட்டத்துக்கு நடுவே உட்கார வையுங்கள். பதினாறாம் நூற்றாண்டில் சஃபேத் நகரில் ஷ்லோமோ அல்கபெட்ஸ் எழுதிய லெகா தோதி பாட்டின் கடைசிச் சரணத்தில் எல்லோரும் எழுந்து வாசலை நோக்கித் திரும்புவார்கள், சபாத்தை மணமகளாக வரவேற்பதற்கு. மரபான சபைகளில், அந்த வாரம் துக்க வீட்டில் ஷிவா என்னும் ஏழு நாள் துக்கம் காப்பவர் அதுவரை வெளியே காத்திருந்து, அந்தப் பாட்டு முடிந்தபின் உள்ளே வருவார். சபை முழுவதும் அவர் முகத்தைப் பார்த்து ஆறுதல் மொழி சொல்லும். உங்கள் ரபி விரும்பினால் இந்த வழக்கத்தை மீட்டெடுக்கலாம். எந்த விழாவுக்கும் இல்லாத வலிமை இதற்கு உண்டு.

பார் மிட்ஸ்வாவுக்குப் பின் விலகும் குடும்பங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர்கள் நன்றி கெட்டவர்கள் அல்லர். ஒரு பயிற்சி வகுப்பில் சேர்வதைப் போலத்தான் சபை அவர்களைச் சேர்த்தது; பாடம் முடிந்தது, போய்விட்டார்கள். பெற்றோரை வாசலில் பிள்ளையை இறக்கிவிட்டுப் போகும் ஓட்டுநர்களாக வைத்திருந்தால் அவர்களுக்கு அங்கே வேறென்ன உறவு இருக்கும்? ஒரே ஆண்டில் பார் மிட்ஸ்வாவோ, பெண் பிள்ளைகளுக்கான பாட் மிட்ஸ்வாவோ வரும் குடும்பங்களை ஒரு குழுவாக்குங்கள். கலிஃபோர்னியாவின் என்சினோவில் வேலி பெத் ஷாலோம் சபையின் ரபி ஹரோல்ட் ஷுல்வைஸ் 1970-களில் இதைத்தான் செய்தார்: பெரிய சபைக்குள் பத்துக் குடும்பங்கள் அளவிலான சிறு குழுக்களை அமைத்து, அவர்கள் வீடுகளில் கூடிச் சாப்பிட்டு, படித்து, பண்டிகை கொண்டாடி, ஒருவர் துன்பத்தில் மற்றவர் நிற்கும்படி வளர்த்தார். அவற்றுக்கு ஹவூரா என்று பெயர். பெரிய சபையில் காணாமல் போகிறவர் பத்துக் குடும்பத்தில் காணாமல் போக முடியாது. பிள்ளைக்கோ, பார் மிட்ஸ்வா முடிந்த மறுவாரமே ஒரு பொறுப்பைக் கொடுங்கள். எபிரேயப் பள்ளியில் சிறுவர்களுக்கு உதவி ஆசிரியராக வைத்துச் சிறு சம்பளம் கொடுக்கும் சபைகள் பல உண்டு. அடுத்த ஆண்டு அதே வாரத்தில் அதே தோராப் பகுதியை மறுபடி வாசிக்க அழையுங்கள்.

சந்தா பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பியூ ஆய்வில் செலவைக் காரணமாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ ஆறில் ஒருவர்தான். தொகையைவிட, குறைத்துக் கேட்பதற்காக வருமானக் கணக்கைக் காட்டச் சொல்லும் நடைமுறைதான் மனத்தைப் புண்படுத்துகிறது. கட்டாயச் சந்தாவை விட்டுவிட்டு, ஒரு குடும்பத்துக்கு ஆகும் செலவு இவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லி, முடிந்ததைக் கொடுக்கச் சொல்லும் சபைகள் பல இன்று இருக்கின்றன. ஆனால் உறவு உருவாகும் முன் இதைத் தொடங்கினால் வரவு சரியும். இரண்டாம் ஆண்டுக்கு ஒத்திப்போடுங்கள்.

உங்கள் தீபாவளி–ஹனுக்கா விழாவுக்கு வருகிறேன். உங்கள் ஆசை புரிகிறது. இரண்டு வீடுகளின் விளக்குகளையும் ஒரே மேஜையில் பார்க்க விரும்புகிறீர்கள். அதை உங்கள் வீட்டில் தாராளமாகச் செய்யுங்கள். சபை விழாவாக வேண்டாம் என்பேன். மண்டபம் அன்றொரு நாள் நிறையும், படங்கள் அழகாக வரும், அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி அதே இருபது பேர்தான் இருப்பார்கள். தவிர, மக்காபியர் என்ற பழங்கால யூத வீரர்கள் தங்கள் வழிபாட்டைக் காத்துக்கொண்ட வரலாற்றிலிருந்து வந்தது ஹனுக்கா. அதை வேறொரு பண்டிகையோடு கலப்பது சில முதியவர்களுக்கு மெய்யாகவே வலிக்கும்.

அதற்குப் பதிலாக ஒன்று செய்யுங்கள். கலப்பு மணக் குடும்பங்கள் ஐந்தாறை உங்கள் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு அழையுங்கள். அந்த இருபது முதியவர்களில் இரண்டு பேரையும் சேர்த்து அழையுங்கள். மெழுகுவர்த்தி ஏற்றி ஆசி சொல்லும்போது மெட்டு அவர்களுக்குத் தெரியும், பிள்ளைகள் கேட்டுக் கற்றுக்கொள்வார்கள். சாப்பாடு நம் ஊர்ச் சைவச் சாப்பாடாகவே இருக்கட்டும். இறைச்சியும் பாலும் கலக்கக் கூடாது என்ற யூத உணவு விதியால் வரும் சிக்கலே எழாது. கோஷர் என்னும் அந்த உணவு விதிகளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறவர் யாராவது இருந்தால் அவர் எதைச் சாப்பிடுவார் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அடுத்த மாதம் வந்தவர்களில் ஒருவர் வீட்டில் நடக்கட்டும். யூதரல்லாத தாய்மார்கள் பலர் சபையில் வாய் திறக்கத் தயங்குவார்கள், நீங்கள் தயங்கியதைப் போலவே. உங்கள் மேஜையில் அவர்கள் பேசுவார்கள்.

ரபியின் சோர்வை அலட்சியம் செய்யாதீர்கள். ஜெபம், மருத்துவமனை, அடக்கம், பள்ளி, நிர்வாகக் கூட்டம் எல்லாம் ஒரே மனிதர் தலையில் இருக்கிறது. அதோடு கூட்டம் குறைவதற்கும் அவரையே குற்றம் சொல்கிறார்கள். மேலே சொன்ன அழைப்புகளும் சந்திப்புகளும் உறுப்பினர்கள் செய்ய வேண்டியவை. அவர் செய்ய வேண்டியது, யார் வீட்டுக்குத் தாம் நேரில் போக வேண்டும் என்று உங்கள் குறிப்புகளிலிருந்து தெரிந்துகொள்வது மட்டும்தான். இஸ்ரேல் பற்றிய பேச்சு 2023 அக்டோபரில் தொடங்கிய காசா போருக்குப் பின் பல சபைகளைப் பிளந்திருக்கிறது. உங்கள் சபையிலும் இளையவர்களுக்கும் மூத்தவர்களுக்கும் இடையே அது புகைந்துகொண்டிருந்தால், அந்தப் பாரத்தையும் ரபி தனியாகத்தான் சுமந்துகொண்டிருப்பார். ஒருவர் மற்றவரின் வீட்டில் சாப்பிட்ட பிறகு அந்த உரையாடலைத் தொடங்குவது நல்லது.

அடுத்த நிர்வாகக் கூட்டத்துக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். அலுவலகத்திடம் மூன்று பட்டியல்களை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்: அடுத்த மூன்று மாதங்களில் யார்ட்சைட் வரும் குடும்பங்கள், சென்ற இரண்டு ஆண்டுகளில் விலகிய குடும்பங்கள், இந்த ஆண்டு பார் மிட்ஸ்வா, பாட் மிட்ஸ்வா வரும் பிள்ளைகள். 40,000 டாலரை ஓர் ஆண்டுக்குத் தொடாமல் வைக்கும்படி கேளுங்கள். அதில் ஒரு சிறு பங்கை, வாரம் பத்து மணி நேரம் அழைப்புகளையும் சந்திப்புகளையும் ஒருங்கிணைக்கும் ஒருவருக்குச் சம்பளமாகக் கொடுக்கலாம். விளம்பரத்தில் பிடிவாதமாக இருக்கிறவர்கள் யாராவது இருந்தால், விலகிய குடும்பங்களில் ஐந்தை அவரிடமே கொடுத்து, இந்த மாதமே போய்ச் சந்தித்துவிட்டு வரச் சொல்லுங்கள். அவர் கேட்டு வந்ததைக் கூட்டத்தில் அவரே சொல்லட்டும். விளம்பரத்தைப் பற்றி அதன் பிறகு முடிவெடுக்கலாம்.